பேட்டரி கழட்டணும்

என் மனைவி இறந்த வருடம் எங்கள் பைக்கின் பேட்டரியைக் கழற்றப் பதினாறு நாள் தாமதமாகிவிட்டது. இதை இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பெண்டாட்டி போனதைச் சொல்கிறானா, பேட்டரியைச் சொல்கிறானா என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டும் ஒரே மூச்சில்தான் சொல்ல வருகிறது.

நான் நோணாங்குப்பத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவன். அதற்கு முன் மில்லில் இருந்தேன். மில் மூடியதும் இங்கே வந்தேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் படகு ஒழுங்காக ஓடாது. சில வாரங்கள் கட்டின கயிற்றை அவிழ்க்கவே மாட்டோம். மூலக்குளத்தில் எங்கள் தெருவும் அப்போது வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று பைக்கைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருமுனை வரை ஒரு சுற்று போய் வந்து, வராந்தாவில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி நிறுத்திவிடுவோம். மறுநாள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்போம். மாட்டுப் பொங்கல் அன்று மாடு இருக்கிறவர்கள் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள். எங்களிடம் மாடு இல்லை. பைக்கைக் குளிப்பாட்டி, பேட்டரியை மாட்டி, திரும்ப ரோட்டில் விடுவோம்.

‘வைப்போம்’, ‘மாட்டுவோம்’ என்று பெருமையாக எழுதுகிறேன். செய்வது அவள்தான். நான் டார்ச் பிடிப்பேன். அதையும் சரியாகப் பிடிக்க மாட்டேன் என்பாள்.

மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் கம்பெனியில் அவள் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். அதனால் பேட்டரி என்பது அவள் இலாகா. கறுப்பு ஒயரை முதலில் கழற்ற வேண்டும், சிவப்பை அப்புறம். மாட்டும்போது சிவப்பு முதலில். இரண்டு முனைகளிலும் பூத்திருக்கும் பச்சை உப்பை ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பாள். துடைத்துக் காயவைத்து வாஸ்லின் தடவுவாள். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில், ஜன்னலோரம், மரப்பலகை மேல் அதற்கு இடம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூடிகளைத் திறந்து, கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, சின்ன சார்ஜரில் போட்டுவிடுவாள். உள்ளே பொடிப்பொடியாகக் கொப்புளம் வரும். ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். சார்ஜ் ஏறினபின் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கும்.

ஒரு வருடம் டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துபோயிருந்தது. கேன் தண்ணீரும் சுத்தம்தானே என்று நான் ஊற்றப் போனேன். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“இன்னாங்க நீங்க! நீங்க குடிக்கறதும் அது குடிக்கறதும் ஒண்ணா?”

கைக்குழந்தைக்குக் காப்பி கொடுக்கப் போனவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஒரு பைக் பேட்டரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். கம்பெனியில் கற்ற வித்தையை வீட்டில் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

அவளுடைய கணக்கெல்லாம் தினசரி காலண்டரில் இருக்கும். ஜனவரி முதல் தேதி புதுக் காலண்டரைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நீல பேனாவால் தாள் தாளாகப் புரட்டி அந்த வருடத்துக்கு வேண்டியதையெல்லாம் எழுதுவாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் தாளில் ‘பேட்டரி கழட்டணும்’. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ‘சார்ஜ்’. பதினைந்து நாளை வேறு எப்படி ஞாபகம் வைப்பது என்பாள். தினமும் காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் தாளைக் கிழிப்பதும் அவள்தான். நான் அந்தக் காலண்டரைத் தொட்டதில்லை.

அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரையில் ஓட்டினாள். நான்காம் நாள் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பட்டனை அழுத்தியதும் பைக் ஒரே தடவையில் கிளம்பியது. அந்த நிலைமையிலும் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “பாத்தீங்களா, எப்பிடி எடுக்குது” என்றாள். ஆறாம் நாள் அவள் இல்லை.

நான் அழவில்லை. இதைச் சொல்ல வெட்கமில்லை, பெருமையும் இல்லை. வந்தவர்கள் அழுதார்கள். மகள் சென்னையிலிருந்து வந்து என் மடியில் விழுந்து அழுதாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் கை தட்டுகிறது என்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது அல்லவா, அப்படி இருந்தது. கல் மனசுக்காரன் என்று யாரோ சமையலறையில் சொன்னார்கள். அதுவும் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் எல்லோரும் கிளம்பினார்கள். அதற்கும் மறுநாள் காலையில் காப்பி போடச் சமையலறைக்குப் போனபோதுதான் காலண்டரைப் பார்த்தேன். அவள் இறந்த தேதியிலேயே நின்றுகொண்டிருந்தது. அது அவள் வேலை என்பதால் வேறு யாருக்கும் தோன்றவில்லை. நான் போய் ஒரு தாளைக் கிழித்தேன். ஒரே ஒரு தாள். அடுத்த நாள் இன்னொன்று. இப்படியே ஒரு நாளைக்கு ஒன்றாகக் கிழித்து வந்ததால் என் காலண்டர் ஊர்க் காலண்டருக்குப் பதினாறு நாள் பின்னால் ஓடியது. மொத்தமாகக் கிழிக்க மனம் வரவில்லை என்று இப்போது சொல்லலாம்தான். ஆனால் அப்போது மனம் என்று ஒன்று இருந்த மாதிரியே எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு ஒரு தாள் என்பதுதான் முறை, கிழித்தேன்.

மகள் முப்பதாம் நாளுக்கு வந்தபோது அதைக் கவனித்துவிட்டாள்.

“அப்பா, காலண்டர்ல தேதி தப்பா இருக்கு.”

“தெரியும்.”

கிளம்பும்போது வேறு ஒன்றைச் சொன்னாள்.

“எத்தினி நாளைக்குதான் இங்க ஒண்டியா இருப்ப? வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துடுப்பா. பொங்கல் தாண்டுனதும் வந்துடு.”

எனக்குப் போகவும் இஷ்டமில்லை, இருக்கவும் இஷ்டமில்லை. இரண்டில் எது நடந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. பொங்கலுக்குப் பிறகு படகு வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று அங்கேயும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் துக்கம் என்பதால் அந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜை அன்று தெருவில் எல்லா வண்டிக்கும் மாலை விழுந்தது. பக்கத்து வீட்டில் பொரிகடலை கொடுக்க வந்தவர்கள், ஞாபகம் வந்ததும் வாசலிலிருந்தே தயங்கித் திரும்பிப் போனார்கள். என் பைக் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நிறுத்திய இடத்தில், திறந்த வாசலில், நின்றுகொண்டிருந்தது. பூஜை இல்லை, அதனால் செங்கல் மேல் ஏற்றவில்லை, அதனால் பேட்டரியைக் கழற்றவும் இல்லை. ஒன்றோடொன்று கோத்துவைத்த வழக்கத்தில் முதல் கண்ணி இல்லாததால் மற்றவை தானாக நடக்கவில்லை. பூஜை வேறு, பேட்டரி வேறு என்று பிரித்துப் பார்க்கிற மூளை எனக்கு அப்போது இல்லை. மழை வந்தது. பைக் நனைந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்ற வேண்டிய நாளுக்குப் பதினாறு நாள் கழித்து ஒரு காலையில் தாளைக் கிழித்தேன். அடியில் நீல எழுத்து. ‘பேட்டரி கழட்டணும்.’

அப்போதுதான் எழுந்து போய் டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்தேன். டார்ச் பிடிக்க ஆளில்லாததால் வாயில் கடித்துக்கொண்டேன். கறுப்பு முதலில், சிவப்பு அப்புறம். முனைகள் இரண்டும் பச்சை உப்பில் மூழ்கியிருந்தன. கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டி. மீட்டரை வைத்தால் பத்தரைதான் காட்டியது.

வில்லியனூர் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பல வருடப் பழக்கம். பேட்டரியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இன்னாண்ணே, இப்பிடி உட்டுட்ட? தட்டெல்லாம் வெள்ள பூத்துடுச்சு பாரு. அண்ணி இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “பேசாம புதுசு போட்டுடலாம்ணே.”

“வேணாம். இதையே பாரு.”

“ரெண்டு நாள் மெதுவா சார்ஜ் ஏத்தித் தரேன். ஏறும். நிக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

இரண்டு நாள் கழித்து வாங்கி வந்து மரப்பலகை மேல் வைத்தேன். அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள், இன்னாப்பா முடிவு பண்ண என்று. எனக்கே தெரியாமல் வாயில் வந்தது.

“மாட்டுப் பொங்கலன்னைக்கு இந்த பேட்டரிய மாட்டிப் பாக்கறேன். செல்ஃப் எடுத்தா இங்கியே இருக்கேன். எடுக்கலன்னா அங்க வந்துடறேன்.”

“இன்னா பேச்சுப்பா இது?” என்றாள். அப்புறம், “சரி. வார்த்த மாறக் கூடாது” என்றாள்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். முடிவு எடுக்க எனக்குத் தெம்பில்லை. எடுக்கிற வேலையை பேட்டரியிடம் தள்ளிவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பைக்கில் உதைத்துக் கிளப்பும் கிக்கரும் இருக்கிறது. ஆனால் சில வருடங்களுக்கு முன் படகுத் துறையில் வழுக்கி விழுந்ததில் என் வலது முட்டி போய்விட்டது. படிகூட ஒவ்வொன்றாகத்தான் ஏறுவேன். டாக்டர் உதைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பட்டனை அழுத்தி செல்ஃபில் எடுத்தால்தான் எனக்கு பைக். இல்லையென்றால் அது வெறும் இரும்பு.

தீபாவளி வந்தது. ஊரே வெடி வெடித்த அமாவாசையன்று என் காலண்டரில் பௌர்ணமி. ‘சார்ஜ்’ என்று எழுதியிருந்தது, போட்டேன். என் காலண்டரில் அமாவாசை வந்தபோது, சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு மேலே நிலா முழுசாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே மூடிகளைத் திறந்தேன். அவள் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். ஆப்ப சோடா, டூத் பிரஷ், வாஸ்லின், கோடு வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர். கொப்புளம் வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வரும். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இருக்காது. வேலை முடிந்தது என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

மகள் போன் செய்தால் முன்பெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்பாள். இப்போது அதற்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது.

“எவ்ளோ காட்டுதுப்பா?”

“பன்னெண்டு புள்ளி நாலு.”

“போன தடவ அஞ்சு காட்டுச்சே.”

“எறங்குது.”

இதில் அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கினால் அப்பா தன்னிடம் வந்துவிடுவார். ஆனால் அம்மா பார்த்துப் பார்த்து வைத்த பேட்டரி. பாவம், அவளுக்கும் இரண்டு பக்கமும் இழுப்புதான்.

புயல் ஒன்று வந்து போனது. தெருவில் தண்ணீர் நின்று வடிந்தது. சார்ஜ் போட்ட அன்று மீட்டர் ஏறும். நாலு நாளில் இறங்கிவிடும். கடைக்காரர் ஒருநாள் வழியில் பார்த்துப் புதுத் தினசரி காலண்டர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். சுற்றிய காகிதத்தைப் பிரிக்காமல் அதை பீரோ மேல் போட்டேன். ஊரில் ஜனவரி பிறந்தது. என் சமையலறையில் டிசம்பர் பாதிதான் ஆகியிருந்தது.

பொங்கலும் வந்தது. நான் பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பானை பொங்கிய சத்தம் கேட்டது. மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் எழுந்து சமையலறைக்குப் போய்த் தாளைக் கிழித்தேன். டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. காலண்டரின் கடைசித் தாள். அதில் எழுத்து இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை.

தாளின் மேலிருந்து கீழ்வரை, தேதியைச் சுற்றி, பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

‘புது காலண்டர் வாங்கணும். மாட்டுப் பொங்கலுக்கு பேட்டரி மாட்டணும். செல்ஃப் எடுக்கலன்னா உடனே மாத்திடணும். அவரு உதைக்கப் போவாரு, விடக் கூடாது. முட்டி.’

‘முட்டி’ என்பதன் அடியில் இரண்டு கோடு.

கடைசித் தாளில் அவள் தனக்குத்தானே எழுதிக்கொண்டது இது. என் முட்டி போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் எழுதியிருப்பாள், ஒவ்வொரு வருடமும் அவளே கிழித்திருப்பாள். நான் பார்த்ததில்லை. கம்பெனிப் பெருமை என்று நான் கிண்டல் செய்த அத்தனை பிரஷ்ஷும் வாஸ்லினும் ஜன்னலும் என் முட்டிக்காகத்தான் என்பது அங்கே நின்றபடி எனக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். அப்போதும் எதுவும் ஆகவில்லை. காப்பிகூடக் குடித்தேன்.

பைக்கைக் குளிப்பாட்டினேன். பொட்டு வைக்கவில்லை. பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டினேன். சிவப்பு முதலில், கறுப்பு அப்புறம். சாவியைத் திருப்பினால் பச்சை விளக்கு மங்கலாக எரிந்தது. பட்டனை அழுத்தினேன்.

டக்.

மறுபடி அழுத்தினேன். டக், டக். பச்சை விளக்கும் அணைந்துவிட்டது.

பந்தயம் முடிந்தது. சென்னைக்குப் போக வேண்டியதுதான். வார்த்தை மாறக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டி கட்ட வேண்டும். நான் அதைத்தான் செய்யப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் என் கை கிக்கரை வெளியே இழுத்துவிட்டது.

முதல் உதையிலேயே முட்டியில் கத்தி இறங்கியது. இரண்டாவது உதையில் கண் இருட்டியது. ‘விடக் கூடாது’ என்று எழுதி, ‘முட்டி’க்கு இரண்டு கோடும் போட்டிருக்கிறாள். தடுக்க ஆள் எங்கே? அந்தக் கோபத்தில் இன்னொன்று. யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள். எழுதிவைத்துவிட்டுப் போனவள் மேல்தான். நான்காவது உதையில் பைக் இருமிக்கொண்டு கிளம்பியது. வாசல் முழுக்கப் புகை. நான் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றேன். வலி முட்டியிலிருந்து இடுப்புக்கு ஏறி, அங்கேயும் நிற்காமல் மேலே வந்தது. நாலரை மாதத்தில் எனக்கு முதல்முதலாக ஒன்று வலித்தது.

போன் அடித்தது.

“அப்பா, எடுத்துச்சா?”

“எடுக்கலம்மா.”

“வண்டி சத்தம் கேக்குதே.”

“உதைச்சேன்.”

“ஐயோ, அம்மா உன்ன உதைக்கவே கூடாதுன்னு சொன்னாங்களேப்பா! வலிக்குதா?”

“வலிக்குதும்மா” என்றேன். “ரொம்ப வலிக்குது.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடியே, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். மகள் அந்தப் பக்கம் போனை வைக்காமல் இருந்தாள். அவளும் அழுகிறாள் என்று தெரிந்தது. பைக் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவள்தான் பேசினாள்.

“வர மாட்ட, இல்ல?”

“வரலம்மா. வார்த்த மாறிட்டேன்.”

“சரிப்பா. போயி மொதல்ல புது பேட்டரி போடு.”

அன்று முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு பீரோ மேலிருந்த காலண்டரை எடுத்தேன். காகிதத்தைப் பிரித்து, ஜனவரி ஒன்று முதல் பதினைந்து வரை எல்லாத் தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தேன். பழைய காலண்டரை ஆணியிலிருந்து இறக்கினேன், அந்தக் கடைசித் தாளை மட்டும் கிழிக்கவில்லை. பிறகு அவளை மாதிரியே தரையில், ஒரு காலை நீட்டி, உட்கார்ந்துகொண்டேன். நீல பேனா அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தாளைத் தேடிப் பிடித்து ‘பேட்டரி கழட்டணும்’ என்று எழுதினேன். கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில், ‘அவ இல்ல, நானேதான் பாத்துக்கணும்’ என்று எழுதினேன்.